புரொயிலர் கோழி வருத்தங்கள்: யாழ்ப்பாணத்து வளர்ப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்மராட்சியிலும் வலிகாமத்திலும் வீட்டு வளவுக்குள் நூறு, இருநூறு குஞ்சு இறக்கி வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். பலர் கோழி சாகத் தொடங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அதனால் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை எழுதிப் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். முதல் பதிலைத் தாண்டி ஓட வேண்டாம். பின்னால் வரும் பாதி வருத்தங்களுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இது என்ன சாதிக் கோழி? ஊர்க்கோழி ஆறு மாசமா வளருறதை இது எப்பிடி ஒண்டரை மாசத்தில வளருது?

கோர்னிஷ், வெள்ளைப் பிளைமவுத் றொக் என்ற இரண்டு பழைய இனங்களிலிருந்து பல தலைமுறைகளாகத் தெரிவுசெய்து உருவாக்கிய கலப்பு இது. கொப் 500, றொஸ் 308 என்று பெட்டியில் பெயர் பார்த்திருப்பீர்கள். குஞ்சு பொரித்த அன்று நிறை 40 கிராம் அளவில் இருக்கும். 35 நாளில் 2 கிலோவைத் தாண்டும். ஐந்து கிழமையில் ஐம்பது மடங்கு.

கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு நல்ல ஒப்பீடு செய்தார்கள். 2014 இல் அது வெளிவந்தது. 1957 ஆம் ஆண்டுக் கோழி வழி, 1978 ஆம் ஆண்டு வழி, 2005 ஆம் ஆண்டு வழி மூன்றையும் ஒரே தீன் கொடுத்து ஒன்றாக வளர்த்தார்கள். 56 ஆவது நாளில் முதலாவது 905 கிராம், இரண்டாவது 1808 கிராம், மூன்றாவது 4202 கிராம். தீனில் வித்தியாசம் இல்லை. மாறியது கோழியின் பரம்பரை மட்டும்.

நெஞ்சு இறைச்சி இப்படி ஏறும்போது இருதயமும் சுவாசப்பையும் கால் எலும்பும் அதே வேகத்தில் வலுப்படுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றப் பதில்களை வாசியுங்கள்.

ஹோர்மோன் ஊசி போட்டுத்தானே இப்பிடி ஊதுது?

இல்லை. வளர்ச்சி ஹோர்மோன் ஒரு புரதம். தீனில் கலந்தால் இரைப்பையில் செரித்துவிடும். ஊசியாகத்தான் ஏற்ற வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. ஆயிரம் கோழியை நாள்தோறும் பிடித்து ஊசி போட்டால் கூலிக்கே இலாபம் போதாது. கோழியும் பயத்தில் தீன் எடுக்காது. அமெரிக்காவில் கோழிக்கு ஹோர்மோன் கொடுப்பது 1950களிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. பண்ணையில் யாராவது ஊசி போடுவதைப் பார்த்திருந்தால் அது தடுப்பூசியாகவோ வருத்தத்துக்கான மருந்தாகவோ இருந்திருக்கும்.

இந்த வதந்தி எனக்கு வருத்தம் தருவதற்குக் காரணம் உண்டு. இல்லாத ஹோர்மோனைப் பற்றி ஊரே பேசுகிறது. இருக்கிற பிரச்சினையான அன்ரிபயோட்டிக் பாவனையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதற்குக் கீழே தனிப் பதில் இருக்கிறது.

பொம்பிளைப் பிள்ளையள் கெதியாப் பெரியபிள்ளை ஆகிறது இந்த இறைச்சியாலதான் எண்டு சொல்லுகினம். உண்மையோ?

முந்திய பதிலிலேயே பாதி விடை உண்டு: ஏற்றாத ஹோர்மோன் இறைச்சியில் இருக்க முடியாது. பிள்ளைகள் முன்னரைவிட நேரத்தோடு பருவமடைவது கோழி உண்ணாத வீடுகளிலும் நடக்கிறது. போசாக்கு கூடியதும் சிறுவயதில் உடற்பருமன் ஏறுவதும் அதனோடு தொடர்புடையவை. எண்ணெயில் பொரித்த கோழியைக் கிழமைக்கு நாலு நாள் கொடுப்பதைக் குறைக்கலாம், காரணம் கொழுப்பு.

குஞ்சு வந்து மூண்டு நாளுக்குள்ளயே பத்துப் பன்னிரண்டு செத்துப்போச்சு. கம்பனி பழுதான குஞ்சு தந்திட்டுதோ?

சில வேளை அப்படியும் இருக்கும். தொப்புள் மூடாமல், வயிறு பெருத்து, நாற்றத்தோடு சாகும் குஞ்சுகளுக்குப் பொரிப்பகத்திலேயே கிருமி தொற்றியிருக்கும். அப்படியானவற்றைப் படம் எடுத்து அன்றே முகவரிடம் காட்டுங்கள்.

ஆனால் நமக்கு வரும் குஞ்சு பெரும்பாலும் தெற்கிலிருந்து ஏ9 வீதியால் இரவிரவாக வருவது. வந்து சேரும்போதே உடலில் நீர் வற்றியிருக்கும். முதலில் தண்ணி, பிறகு தீன். லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி குளுக்கோசோ சீனியோ கரைத்து முதல் சில மணித்தியாலம் கொடுங்கள். தண்ணி வெதுவெதுப்பாக இருக்கட்டும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஒவ்வொன்றின் அலகையும் தண்ணியில் ஒரு முறை தொட்டு விடுவது நல்ல பழக்கம்.

அடுத்தது சூடு. முதல் கிழமை குஞ்சின் உயரத்தில் 32 முதல் 33 பாகை வேண்டும். பிறகு கிழமைக்கு இரண்டு மூன்று பாகை குறைக்கலாம். யாழ்ப்பாணத்தில் சூட்டுக்கு என்ன குறை என்று நினைக்க வேண்டாம். மார்கழி, தை விடியற்புறத்தில் 22 பாகைக்கு இறங்கும். குஞ்சுகள் பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர். சுவரோரம் ஒதுங்கி வாய் திறந்தால் சூடு கூட. பரவலாகப் படுத்தால் சரி. வெப்பமானியைவிடக் குஞ்சை நம்புங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதைக் குஞ்சு இறக்க முன்னரே யோசித்து வையுங்கள். 2022 இல் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, மண்சட்டியில் கரி மூட்டி, தகர மூடியால் மறைத்துக் காப்பாற்றினவர்கள் உண்டு. புகை வெளியே போக வழி விடாமல் அதைச் செய்யக்கூடாது.

அக்கா, பின்னேரம் நல்லா நிண்டு தீன் திண்ட கோழி, விடியப் பாக்க மல்லாந்து கிடக்குது. ஆரும் நஞ்சு வைச்சிருப்பினமோ?

அயலில் சண்டை வர முன்னர் இதை வாசியுங்கள். இது திடீர் மரணம் என்று பெயர் பெற்ற, புரொயிலருக்கே உரிய ஒரு வருத்தம். நல்ல நிறையான, நோயே இல்லாத கோழி, அதிலும் பெரும்பாலும் சேவல், திடீரென்று ஒரு கத்துக் கத்தி, செட்டையடித்து, ஒரு நிமிடத்துக்குள் மல்லாந்து செத்துவிடும். வெட்டிப் பார்த்தால் இரைப்பை நிறையத் தீன் இருக்கும். இருதயத் துடிப்பின் ஒழுங்கு குலைவதுதான் காரணம். இரண்டாம் கிழமையிலிருந்து நாலாம் கிழமை வரை கூடுதலாக வரும்.

ஒன்று, இரண்டு என்று இடைவெளி விட்டுச் சாகும். மற்றக் கோழிகள் சுறுசுறுப்பாகவே நிற்கும். இதற்கு மருந்து கிடையாது. இரவில் சில மணித்தியாலம் வெளிச்சத்தை அணைப்பதும் வளர்ச்சி வேகத்தைச் சற்றுக் குறைப்பதும் எண்ணிக்கையைக் குறைக்கும். நஞ்சென்றால் ஒரே நேரத்தில் பல சாகும். ஒரே நாளில் பல கோழிகள் விழுந்தாலோ, மற்றவை சோர்ந்து நின்றாலோ அது வேறு கதை. கால்நடை வைத்தியரிடம் இறந்த கோழியை அன்றே கொண்டுபோங்கள்.

கோழியின்ர வயிறு பலூன் மாதிரி ஊதிக் கிடக்கு, அமத்தினா தண்ணி குலுங்குது. இது என்ன?

வயிற்றுநீர்க் கோவை. முதல் பதிலில் சொன்னது கண்ணுக்குத் தெரியும்படி நடப்பது இதில்தான். இறைச்சி வேகமாக வளர அதற்கு ஒட்சிசன் கூட வேண்டும். இருதயம் கூடுதலான இரத்தத்தைச் சுவாசப்பைக்கு அனுப்ப வேண்டும். கோழியின் சுவாசப்பை நெஞ்சுக்கூட்டோடு ஒட்டியது. நம்முடையதுபோல் விரிந்து கொடுக்காது. இரண்டு பரப்புத் தோட்டத்துக்கு வாங்கிய மோட்டரால் பத்துப் பரப்புக்கு இறைக்கிற மாதிரித்தான். இருதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தளரும். இரத்தம் ஈரலில் தேங்கும். ஈரலிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். கொண்டை நீலம் பாயும், வெயில் இல்லாத நேரத்திலும் மூச்சு வாங்கும்.

தென் அமெரிக்காவின் உயர்ந்த மலைப்பகுதிகளில், காற்றில் ஒட்சிசன் குறைந்த இடத்தில்தான் இது முதலில் கவனிக்கப்பட்டது. கோழியின் வளர்ச்சி வேகம் கூடக் கூடக் கடல்மட்டத்துக்கும் இறங்கி வந்தது. மலையே இல்லாத நம் ஊரில் வருவதற்கு நாமே செய்யும் இரண்டு காரியங்கள் உதவுகின்றன. ஒன்று, மாரி காலத்தில் வாடைக்காற்றுக்கும் சாரலுக்கும் பயந்து கொட்டிலை நாலு பக்கமும் படங்கால் இறுக்கி மூடுவது. குளிரில் கோழிக்கு ஒட்சிசன் கூட வேண்டும். உள்ளேயோ புழுங்கிய காற்றும் அமோனியாவும். படங்கைக் கீழிருந்து மேலே ஒரு எல்லை வரை கட்டி, கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்து விடுங்கள். சாரல் வராது, கெட்ட காற்று வெளியேறும்.

மற்றது தண்ணி. கரையோரக் கிணறுகளில் உவர் ஏறியிருக்கும். உப்புக் கூடினால் உடலில் நீர் தேங்கி இரத்தத்தின் அளவு ஏறும், இருதயத்தின் பாரமும் ஏறும். நாக்கில் உவர்ப்புத் தெரியும் தண்ணியைக் குஞ்சுகளுக்கு வைக்க வேண்டாம். நல்ல தண்ணிக் கிணற்றிலிருந்து கொண்டுவந்து கொடுக்க முடியாத இடத்தில் புரொயிலர் வளர்ப்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

சிலர் ஊசியால் வயிற்றுத் தண்ணியை இழுத்தெடுக்கிறார்கள். மறுநாள் திரும்பச் சேரும். அந்தக் கோழியை மூச்சுத் திணற விட்டு வைத்திருக்காமல் அன்றே முடித்துவிடுவதுதான் அதற்குச் செய்யும் நன்மை.

பங்குனி, சித்திரை வெயிலுக்கு மத்தியானம் பன்னிரண்டு ஒரு மணிக்கெல்லாம் விழுந்து சாகுது. என்ன குடுக்கலாம்?

கொடுப்பதைவிட எடுப்பதுதான் முக்கியம். காலை பத்து மணிக்குத் தீன் பாத்திரங்களை உயர்த்திவிட்டுப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு இறக்குங்கள். செரிப்பதே உடலில் சூட்டை உண்டாக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. உடற்சூடு 41 பாகை அளவில் இருக்கும். கடும் வெயிலில் அதைக் குறைக்க வாய் திறந்து மூச்சு வாங்குவதுதான் முக்கிய வழி. வெயில் ஏறி, இளைக்கத் தொடங்கிய பிறகு தீனை எடுத்தால் பயன் குறைவு. விட்ட தீனை இரவு குளிர்ந்த நேரத்தில் தின்னும்.

தண்ணியைத் தொட்டுப் பாருங்கள். கூரைமேல் உள்ள கறுப்புத் தாங்கியிலிருந்து வரும் தண்ணி மத்தியானத்தில் கையைச் சுடும். கோழி அதைக் குடிக்காது. தாங்கியைக் கிடுகால் மறையுங்கள், குழாயில் நின்ற சூட்டுத் தண்ணியைத் திறந்து ஓட விடுங்கள். சாதாரண நாளில் தின்னும் தீனின் இரண்டு மடங்கு தண்ணி குடிக்கிற கோழி கடும் வெயிலில் நாலு மடங்குக்கு மேலும் குடிக்கும். பாத்திரங்களின் எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும். தகரக் கூரைக்கு மேலே கிடுகோ பனையோலையோ போட்டு, மத்தியானத்தில் நனையுங்கள். கொட்டிலுக்குள் தண்ணி விசிறுவது காற்று ஓடினால்தான் உதவும். காற்று நின்ற நேரத்தில் விசிறினால் புழுக்கம் கூடி நிலைமை மோசமாகும். தாது உப்புக் கலவையும் விற்றமின் சியும் கொடுக்கலாம். இவையெல்லாம் செய்த பிறகு.

ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்பது சாதாரணக் கணக்கு. இந்த இரண்டு மாதத்துக்கும் குஞ்சு இறக்கும்போது அந்தக் கணக்கைவிடக் குறைந்த எண்ணிக்கையில் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் கூட இடம் விடுங்கள்.

கால் வழங்காமப் போச்சு, செட்டையை ஊண்டி ஊண்டி அரக்குது. வாதமோ?

எல்லாக் கால் வருத்தமும் வாதம் அல்ல. குறைந்தது நாலு வகை உண்டு. எலும்பின் வளரும் நுனியில் குருத்தெலும்பு எலும்பாக மாறாமல் நின்றுவிடுவது ஒன்று. முழங்கால் உள்ளேயோ வெளியேயோ வளைவது இன்னொன்று. இவை இரண்டும் வேகமாக வளர்வதால் வருபவை. மூன்றாவது, தொடையெலும்பின் தலையில் நுண்ணிய வெடிப்பு விழுந்து, அதற்குள் பக்றீரியா புகுந்து எலும்பு உக்குவது. நாலாவது றிக்கற்ஸ்: கல்சியம், பொசுபரசு, விற்றமின் டி3 ஆகியவற்றில் ஒன்று குறைவது. 2022 இல் தீன் தட்டுப்பாடு வந்த காலத்தைப்போல, தவிடும் குறுநெல்லும் வைத்துச் சமாளிக்கும் எந்தக் காலத்திலும் இந்த நாலாவது வகை தலைகாட்டும். குஞ்சின் அலகு இறப்பர் மாதிரி வளைந்தால் அதுதான்.

இங்கிலாந்தின் பிறிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 1992 இல் கோழி நடக்கும் விதத்துக்கு 0 முதல் 5 வரை புள்ளி கொடுக்கும் முறை ஒன்றை வகுத்தார்கள். 0 நல்ல நடை. 3 தெளிவான நொண்டல். 5 எழும்பவே முடியாதது. இதை நீங்களும் செய்யலாம். 21 ஆவது நாளிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை கொட்டிலுக்குள் மெதுவாக நடந்து, கோழிகளை எழுப்பி, எத்தனை நொண்டுகின்றன என்று எண்ணுங்கள். எண்ணிக்கை கிழமைக்குக் கிழமை ஏறினால் தீனையும், தரையில் விரித்த உமிக் கூளத்தையும் பார்க்கவேண்டிய நேரம். 4, 5 நிலையில் உள்ளதைத் தனியே பிரித்து வைத்துத் தேறுமா என்று பார்க்காதீர்கள். தண்ணிக்குப் போக முடியாத கோழி தாகத்தில்தான் சாகும்.

அப்ப சிப்பித்தூள் கலந்து குடுக்கலாமோ? லெயர் தீன் மிச்சம் கிடக்கு, அதில கல்சியம் கூடத்தானே?

இரண்டும் வேண்டாம். முட்டைக் கோழியின் தீனில் கல்சியம் 3.5 முதல் 4 வீதம் வரை இருக்கும், முட்டை ஓட்டுக்காக. இறைச்சிக் கோழிக்கு 1 வீதமளவு போதும். கூடினால் சிறுநீரகம் பழுதாகும். பொசுபரசு உடலில் சேர்வதும் தடைப்படும். கால் பலப்படட்டும் என்று கொடுத்தது கால் பலவீனத்தில் போய் முடியும். கம்பனித் தீனே கொடுப்பவர் மேலதிகமாக எதுவும் கலக்கத் தேவையில்லை. மாரியில் தீன் சாக்கைச் சீமெந்துத் தரையில் நேரே வைக்காமல் பலகைமேல் வையுங்கள். பூஞ்சணம் பிடித்த தீனைக் கோழிக்குப் போட்டுத் தீர்க்கப் பார்க்காதீர்கள்; அதிலுள்ள அப்ளாரொக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும், தடுப்பூசியின் பலனையும் குறைக்கும்.

உள்ளங்கால் கறுத்துப் புண்ணாக் கிடக்கு. மருந்து பூசலாமோ?

கூளத்துக்கு மருந்து செய்யுங்கள், கால் தானாக ஆறும். ஈர உமியும் எச்சமும் சேர்ந்து அமோனியா உண்டாகி உள்ளங்காலையும் குதிமூட்டையும் சுடுகிறது. இந்தக் கோழி நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிப்பதால் நெஞ்சுத் தோலும் வெந்துபோகும். குந்தி இருந்து கோழியின் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் கோழி அதை இரவும் பகலும் அனுபவிக்கிறது. தண்ணிப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள கட்டியான கூளத்தை அள்ளி எறிந்து புது உமி போடுங்கள்; மிச்சத்தை நாள்விட்டு நாள் கிளறுங்கள். பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருந்தால் சிந்துவது குறையும். நம் தண்ணியிலுள்ள சுண்ணாம்பு படிந்து நிப்பிள் (கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனை) ஒழுகுவதும் பெரிய காரணம். ஒவ்வொரு தொகுதிக்கும் இடையில் கழற்றிக் கழுவ வேண்டும்.

எச்சத்தில இரத்தம் போகுது.

பெரும்பாலும் கொக்சிடியோசிஸ் என்ற குடல் ஒட்டுண்ணி வருத்தம், மூன்றாம் கிழமைக்குப் பிறகு. ஒட்டுண்ணியின் முட்டை வீரியமாவதற்கு ஈரமும் சூடும் வேண்டும்; முந்திய பதிலில் சொன்ன ஈரக் கூளம் அதற்கு நல்ல விளைநிலம். அம்புரோலியம், தொல்ராசுரில் போன்ற மருந்துகள் உண்டு. அளவை வைத்தியர் சொல்லட்டும். கூளத்தை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் பத்து நாளில் திரும்ப அழைப்பீர்கள்.

கம்போறோவுக்குத் தண்ணி மருந்து குடுத்தும் வந்திட்டுது. மருந்து பொய்யோ?

கம்போறோ கோழியின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் ஒரு வைரஸ் வருத்தம்; தண்ணி மருந்து என்பது தண்ணியில் கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்து. மருந்து பொய்யில்லை, கொடுத்த நாளும் கொடுத்த தண்ணியும் பிழைத்திருக்கலாம். குஞ்சு தாயிடமிருந்து எதிர்ப்புச் சக்தியோடு வருகிறது. அது மிச்சமிருக்கும்போது கொடுத்தால் உயிருள்ள தடுப்பு மருந்தை அதுவே அழித்துவிடும். பிந்திக் கொடுத்தால் வைரஸ் முந்திவிடும். அதனால்தான் இரண்டாம் கிழமையின் முடிவிலும் மூன்றாம் கிழமையின் முடிவிலுமாக இரண்டு தடவை கொடுக்கச் சொல்வது வழக்கம். உங்கள் குஞ்சுக்கு எந்த நாள் என்பதை அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு எழுதி வையுங்கள். ராணிக்கெட் என்ற இன்னொரு வைரஸ் வருத்தத்துக்கும் தடுப்பு மருந்து அட்டவணை அங்கேயே தருவார்கள். அயல்வீட்டு ஊர்க்கோழி உங்கள் கொட்டிலைச் சுற்றி மேய்ந்தால் ராணிக்கெட் எந்த நேரமும் வரலாம்.

தண்ணி விஷயம் நம் ஊரில் தனியே சொல்லப்பட வேண்டியது. கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அந்தத் தண்ணி மருந்தைக் கொன்றுவிடும். குளோரின் இல்லாத தண்ணி எடுத்து, லீற்றருக்கு 2.5 கிராம் ஆடை நீக்கிய பால்மா கரைத்து, சற்றுப் பொறுத்து மருந்தைக் கலக்குங்கள். விடியவே, ஒன்று இரண்டு மணித்தியாலம் தண்ணி நிறுத்திவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லாம் குடித்து முடியும் அளவுக்கு வையுங்கள். யாழ்ப்பாணம் ரவுனில் மருந்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொடிகாமத்துக்கு பஸ்ஸில் வந்தால் வந்து சேரும்போது குப்பி மட்டும்தான் மிச்சம். ஐஸ் போட்ட பிளாஸ்க் கொண்டுபோங்கள்.

கம்போறோ வந்த கோழிக்கு வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. சோர்ந்து குந்தி, இறகு சிலிர்த்து, வெள்ளையாகக் கழியும். ஐந்தாறு நாளில் சாவு ஏறி இறங்கும். தப்பியவற்றுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் சளியும் ஈ.கோலி என்ற பக்றீரியாத் தொற்றும் பின்னால் வரும். இந்த வைரஸ் கொட்டிலில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். கழுவி, சுண்ணாம்படித்து, கொட்டிலை வெறுமையாக விட்டபிறகே அடுத்த குஞ்சு.

சளி இழுக்குது. கடையில ஒரு அன்ரிபயோட்டிக் தந்தவை, அஞ்சு நாள் குடுத்தும் மாறேல்லை. இன்னும் பலமானது எது?

பலமானதைத் தேட முன்னர் மூன்று விடயம். முதலாவது, சளிக்குக் காரணம் வைரஸ் என்றால் அன்ரிபயோட்டிக் அதைத் தொடாது. வயிற்றுநீர்க் கோவையால் மூச்சு வாங்கினாலும் தொடாது. இரண்டாவது, ஒட்சிரெற்றாசைக்கிளின் வகை மருந்துகள் கல்சியத்தோடு பிணைந்துவிடும். வலிகாமத்துச் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணியில் கல்சியம் நிறைய. கரைத்த மருந்தின் ஒரு பகுதி கோழியின் உடலில் ஏறாமலே போகும். தேக்கி வைத்த மழைத்தண்ணி இருந்தால் மருந்துக்கு அதைப் பாவியுங்கள். மூன்றாவது மிக ஆபத்தானது: சளிக்குக் கொடுக்கும் தியாமுலினை, சலினோமைசின் அல்லது மொனென்சின் கலந்த தீனோடு சேர்த்துக் கொடுத்தால் கோழி கால் வழங்காமல் விழுந்து சாகும். தீன் சாக்கிலுள்ள துண்டை வாசித்து வைத்தியரிடம் சொல்லாமல் தியாமுலின் கொடுக்கவே கூடாது.

விற்பதற்கு முந்திய நாள் வரை மருந்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் இறைச்சிக்கு முன் விடவேண்டிய நாள் குப்பியிலேயே அச்சிட்டிருக்கும். அந்த நாள் முடியாத கோழியை உங்கள் பிள்ளைக்குச் சமைப்பீர்களா என்று யோசியுங்கள். என்றோபுளொக்சசினை அமெரிக்கா 2005 இல் கோழிக்குத் தடை செய்தது, மனிதருக்கு வயிற்றோட்டம் தரும் கம்பிலோபக்ரர் கிருமி அந்த வகை மருந்துக்கு அடங்காமல் போனதால். நம் கடைகளில் அதை வைத்தியர் துண்டு இல்லாமல் கேட்டு வாங்கப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வளர்ச்சியைக் குறை எண்டு திரும்பத் திரும்பச் சொல்லுறியள். தீன் குறைச்சா எனக்கெல்லோ நட்டம்?

ஏழாம் நாளிலிருந்து மூன்றாம் கிழமை வரை மட்டும் சற்று மெதுவாக்கினால் போதும். அந்த நாட்களில்தான் எலும்பும் இருதயமும் பின்தங்குகின்றன. குருணைத் தீனுக்குப் பதிலாகத் தூள் தீன் கொடுக்கலாம். அல்லது இரவில் தொடர்ந்து நாலு முதல் ஆறு மணித்தியாலம் இருட்டு விடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007 ஆம் ஆண்டு விதி, நாளுக்கு 6 மணித்தியால இருட்டையும் அதில் குறைந்தது 4 மணித்தியாலம் இடைவிடாததையும் கட்டாயமாக்கியிருக்கிறது. இரவு முழுக்க பல்ப் எரிப்பவர்கள் கரண்ட் காசையும் கோழியையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

பின்தங்கிய நிறையின் பெரும்பகுதியைக் கோழி நாலாம், ஐந்தாம் கிழமையில் எட்டிப் பிடிக்கும். விற்கும்போது ஐம்பது அறுபது கிராம் குறைந்தாலும், கடைசிக் கிழமையில் இரண்டு கிலோக் கோழி ஒன்று சாவதால் போகும் தீன் காசை அதோடு ஒப்பிட்டுக் கணக்குப் பாருங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு இறைச்சி விலைப்படேல்லை. கொடி இறங்கும் வரை வைச்சிருக்கலாமோ?

வைத்திருக்கலாம், ஆனால் எத்தனை மிஞ்சும் என்று சொல்ல முடியாது. 25 நாள் திருவிழா. அதற்கு முன்னரே 35 நாளான கோழி திருவிழா முடிய 60 நாளாகிவிடும். வயிற்றுநீர்க் கோவை, கால் வருத்தம், வெயில் சாவு மூன்றும் அந்த நாட்களில் ஒன்றாக வரும். கொடியேற்ற நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்துப் பின்னோக்கி எண்ணிக் குஞ்சு இறக்குங்கள்: ஒன்றில் கொடியேற முன்னர் விற்று முடிய வேண்டும், அல்லது தீர்த்தம் முடிந்த பிறகு 35 நாள் ஆக வேண்டும். கந்தசஷ்டிக்கும் திருவெம்பாவைக்கும் இதே கணக்கு. மாட்டிக்கொண்டால் தீனை அளந்து போடுங்கள், கோழிகளைப் பரப்பி இடம் கொடுங்கள், பாதியையாவது விலை குறைத்து விற்றுவிடுங்கள்.

நெஞ்சு இறைச்சியில வெள்ளை வெள்ளையாக் கோடு கிடக்கு. புழுவோ?

புழு இல்லை. தசைநார் வளர்ந்த வேகத்துக்கு இரத்த ஓட்டம் போதாமல், பழுதான இடத்தில் கொழுப்பும் நாரும் நிரம்பியது. சிலவேளை நெஞ்சு முழுக்கப் பலகைபோல் இறுகியும் இருக்கும். உண்பதால் தீங்கில்லை, மென்மை குறைவு, கொழுப்புச் சற்றுக் கூட. பச்சை நிறமான, உலர்ந்த தசை நெஞ்சுக்குள் இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள்.

செத்ததை எங்க தாக்கிறது?

வலிகாமத்தில் பல இடங்களில் ஒரு முழம் வெட்டினால் சுண்ணக்கல். அதற்குள் புதைப்பது கல்லின் வெடிப்புகளால் கிணற்றுத் தண்ணிக்குத்தான் போகும், உங்களுடையதோ அயலாருடையதோ. ஆழமான மண் உள்ள இடத்தில், கிணற்றுக்குத் தூரமாக, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். மண் இல்லாத இடத்தில் நிலத்துக்கு மேலே சீமெந்துக் கல்லால் பெட்டி கட்டி, கூரை போட்டு, ஒரு படை பழைய கூளம், ஒரு படை இறந்த கோழி, மேலே உமி என்று அடுக்கிக் கூட்டெருவாக்கலாம். நன்றாக அடுக்கினால் உள்ளே 55 பாகைக்கு மேல் சூடு ஏறிக் கிருமிகளில் பெரும்பாலானவை அழியும். சில கிழமைகளில் தசை உக்கிவிடும். நாய் தோண்டாமல் வலை போடுங்கள். கம்போறோ, ராணிக்கெட் வந்த தொகுதியின் எருவை உடனே வாழைக்கோ வெங்காயத்துக்கோ அயல்த் தோட்டங்களுக்கு விற்க வேண்டாம். நோய் உமி மூட்டையோடு ஊர் சுற்றும்.

தானாகச் செத்த கோழியை மலிவு விலைக்குச் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுப்பதைப் பற்றியும் கேட்டார்கள். கூடாது. இரத்தம் வடியாத, காரணம் தெரியாத இறைச்சி அது.

பிள்ளை ஒண்டை விக்க விடமாட்டன் எண்டு அழுது நிக்கிறான். புரொயிலரை வீட்டில கன காலம் வளக்கேலுமோ?

ஏலும், தீனை நீங்கள் அளந்தால். இந்தக் குஞ்சுகளின் தாய்க்கோழிகளே அதற்குச் சாட்சி. கிட்டத்தட்ட அதே பரம்பரை. ஆனால் பண்ணையில் சிறுவயதிலிருந்தே அளந்த தீன் மட்டும் கொடுத்து, 60 கிழமை வரை முட்டைக்கு வைத்திருக்கிறார்கள். வயிறாரத் தின்ன விட்டால் அவையும் இருதயம் தளர்ந்தும் கால் முறிந்தும் போய்விடும். அந்தத் தாய்க்கோழிகள் எப்போதும் பசியோடு நிற்கின்றன என்பதும் உண்மை. இந்த வளர்ப்பில் என் மனது ஒப்பாத இடம் அதுதான்.

வீட்டில் ஒன்றிரண்டுக்கு அந்தப் பசி தேவையில்லை. கம்பனித் தீனைக் காலையில் ஒரு பிடி, பின்னேரம் ஒரு பிடி என்று நிறுத்துங்கள். மிச்ச வயிற்றுக்கு முருங்கையிலை, கீரை, வளவில் கிண்டித் தேடும் புழு பூச்சி. பகலில் நிழலில் திறந்து விடுங்கள். நடந்தால் கால் பலக்கும். உயரத்தில் ஏறிப் படுக்க விடாதீர்கள், குதித்து இறங்கும்போது கால் முறியும். தரையிலேயே உமி போட்டுக் கொடுங்கள். கிழமைக்கு ஒரு தடவை பிள்ளையையே தராசில் நிறுக்கச் சொல்லுங்கள். நிறை கடகடவென்று ஏறினால் பின்னேரப் பிடியைப் பாதியாக்குங்கள்.